கொள்ளிடத் தண்ணீர் வரும் வீட்டுக்கு மாதச் சந்தாவில் ஆர்ஓ மெஷின் தேவையா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் கடற்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே இருக்கிற கிராமம். தெருக்குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் கொள்ளிடத் தண்ணீர் வருகிறது. வீட்டு போர் தண்ணீர் உப்பு. ஒரு கம்பெனி ஆள் வந்து டிடிஎஸ் மீட்டரை (தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிற கருவி) விட்டுக் காட்டினார். அப்புறம் இரண்டு கம்பிகளைத் தண்ணீரில் இறக்கி கரண்ட் கொடுத்தார். உங்கள் குழாய்த் தண்ணீர் பழுப்பாகக் கலங்கியது, அவர் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீர், அதாவது மெஷினில் உப்பைப் பிரித்தெடுத்த தண்ணீர், அப்படியே இருந்தது. மெஷின் வாடகை மாதம் 499 ரூபாய், 200 லிட்டர் வரை, ஒரு வருஷத்துக்குள் நிறுத்த முடியாது. கூடவே அம்மாவின் மூட்டு வலிக்கு 'மினரல் சொட்டு', அதற்கு மாதம் 350. இரண்டையும் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியின் அடியில் இருப்பது வேறொரு பயம்: "இத்தனை நாள் வீட்டில் எல்லாருக்கும் கெட்ட தண்ணீரைக் கொடுத்துவிட்டோமா?" அதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

டெல்டா மாவட்டங்களில் குடிநீர்ப் பரிசோதனைக் கூடங்களில் என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. தண்ணீரைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். நான் மருத்துவன் அல்ல. அம்மாவின் மூட்டைப் பற்றிச் சொல்லும்போது பொதுவாகத் தெரிந்ததை மட்டும் சொல்வேன். உங்கள் வீட்டுத் தண்ணீரை நான் சோதிக்கவில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அந்தக் கம்பி வேடிக்கையை முதலில் தீர்த்துவிடுவோம். அது தண்ணீரின் அழுக்கைக் காட்டுகிற சோதனை இல்லை. அந்தக் கருவியில் ஒரு கம்பி இரும்பு, இன்னொன்று பெரும்பாலும் அலுமினியம். தண்ணீரில் உப்புகள் கரைந்திருந்தால் மின்சாரம் பாயும். பாயும்போது இரும்புக் கம்பியே கரைந்து துருவாக மாறித் தண்ணீரில் கலக்கும். நீங்கள் பார்த்த பழுப்பும் பச்சையும் அந்தக் கம்பியிலிருந்து வந்தவை. ஆர்ஓ தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, கம்பி கரையாது, அதனால் தெளிவாக இருக்கிறது. அடுத்த முறை அவர் வந்தால் அவருடைய ஆர்ஓ தண்ணீரிலேயே ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி கரண்ட் கொடுக்கச் சொல்லுங்கள். அதுவும் கலங்கும். அந்தப் பையன்கள் பலருக்கு இது தெரியாது. பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததை நம்பித்தான் செய்கிறார்கள், அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் தாய்மார்களைப் பயமுறுத்தி விற்க இதைச் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறவர்கள் செய்வது தப்பு. அதை நான் வெளிப்படையாகவே சொல்வேன்.

டிடிஎஸ் மீட்டர் அப்படிப்பட்டதல்ல. அது நல்ல கருவி, ஆனால் ஒன்றே ஒன்றைத்தான் சொல்லும். தண்ணீர் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்று அளந்து, அதை ஒரு கணக்கால் பெருக்கி, 'கரைந்திருக்கிற உப்பு சுமார் இவ்வளவு' என்று எண்ணைக் காட்டும். அந்த உப்பு சுண்ணாம்புச் சத்தா, சோடியமா, நைட்ரேட்டா என்று அதற்குத் தெரியாது. வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கிறதா என்பது சுத்தமாகத் தெரியாது. சாக்கடை லேசாகக் கலந்த தண்ணீரில் 300 காட்டலாம். இளநீரில் விட்டுப் பாருங்கள், ஆயிரக்கணக்கில் காட்டும். இளநீரைக் கெட்டது என்று யார் சொல்வார்கள்? ஆகவே எண் குறையக் குறையத் தண்ணீர் நல்லது என்பது சரியில்லை.

சரி, அரசின் அளவுகோல் என்ன? இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 என்ற குடிநீர்த் தரம், 2012-இல் திருத்தி வெளியிட்டது. அதன்படி டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2000 வரை ஏற்கலாம். கடினத்தன்மை, அதாவது கால்சியமும் மக்னீசியமும், 200, வேறு வழியில்லாவிட்டால் 600. குளோரைடு 250, அதேபோல் 1000 வரை. ஃபுளோரைடு 1, கடைசி எல்லை 1.5. நைட்ரேட் மட்டும் 45-க்கு மேல் போகவே கூடாது, அதற்குச் சலுகை கிடையாது. ஏனென்றால் கைக்குழந்தைகளுக்கு அது இரத்தத்தில் ஆக்சிஜன் போகிற வழியைக் கெடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலை என்கிற மலக்கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. இந்தக் கடைசி வரிதான் நம் பக்கத்து வீடுகளில் நோயைத் தீர்மானிக்கிறது. விற்க வருகிறவர்கள் பேசாத வரியும் இதுதான்.

அவருடைய மீட்டர் குழாய்த் தண்ணீருக்கு 340, போருக்கு 1500 என்று காட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவு போதும், பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. 340 என்பது உப்பு விஷயத்தில் நல்ல தண்ணீர். இதற்கு ஆர்ஓ தேவையில்லை. கொள்ளிடத் தண்ணீர் இப்படி வருவதற்குக் காரணம் அந்த ஆற்றின் மணல். நம் பக்கத்துக் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் பலவும் ஆற்று நீரை மேலாக மொண்டு அனுப்புவதில்லை. ஆற்றுப்படுகையில் கிணறு இறக்கி, மணலுக்குள் ஊறி வருகிற தண்ணீரை எடுக்கிறார்கள். ஆற்றில் கலங்கல் ஓடினாலும் கிணற்றுக்குள் தெளிந்துதான் வரும். அங்கேயிருந்து நீரேற்று நிலையம், நிலத்தடித் தொட்டி, மேல்நிலைத் தொட்டி என்று பல கிலோமீட்டர் தாண்டிக் கடைமடைக் கிராமங்களுக்கு வருகிறது. நாகை, வேதாரண்யம் பக்கத்தில் கிணறும் போரும் உப்பாகிப்போன ஊர்களை இந்தத் திட்டங்கள்தான் தாங்கி நிற்கின்றன. எல்லாவற்றையும் திட்டுகிற பழக்கத்தில் இதையும் சேர்த்துத் திட்டிவிடக் கூடாது.

ஆனால் குறை எங்கே வருகிறது என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கிணற்றில் நன்றாக இருக்கிற தண்ணீர் வழியில் கெடுகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் விடுகிற குழாயில் மீதி நேரமெல்லாம் அழுத்தம் இருக்காது. எங்காவது இணைப்பு கசிந்து, பக்கத்தில் சாக்கடை தேங்கியிருந்தால், அந்த அழுக்கு உள்ளே இழுபடும். தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் குழாயில் நேராக மோட்டாரை மாட்டி உறிஞ்சினால் இன்னும் மோசம். அந்த உறிஞ்சலில் வருவது குழாய்க்குள் இருக்கிற தண்ணீர் மட்டுமில்லை, ஓட்டைக்கு வெளியே இருப்பதும்தான். அதனால்தான் குழாய் திறந்ததும் முதலில் வருவதைக் குடத்தில் பிடிக்காமல் கொஞ்ச நேரம் விட்டுவிட வேண்டும். அதைப் பாத்திரம் கழுவ வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் குறைக்கு வைத்திருக்கிற காவல்தான் குளோரின். மேல்நிலைத் தொட்டியில் ஆயிரம் லிட்டருக்கு நாலு கிராம் என்ற கணக்கில் பிளீச்சிங் பவுடரைத் தனியாகக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரை மணி நேரமாவது விட்டுத் திறக்க வேண்டும். கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். மிச்சம் இருந்தால்தான் வழியில் சேர்கிற கிருமியையும் அது கொல்லும். நம் பக்கத்துக் காற்றில் ஈரம் அதிகம். திறந்து வைத்த பிளீச்சிங் பவுடர் மூட்டை சீக்கிரமே வீரியம் இழந்துவிடும். அதைப் போட்டு என்ன பயன்? டேங்க் ஆபரேட்டர் ஒழுங்காகப் போட்டேன் என்பார், அவர் சொல்வது உண்மையாகவே இருக்கும், ஆனால் குழாய் முனையில் குளோரின் இருக்காது. இதைக் கண்டுபிடிக்க பெரிய கூடமெல்லாம் வேண்டாம். ஊராட்சியில் இருக்கிற சோதனைப் பெட்டியில் சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, மருந்தைச் சொட்டு விட்டால் மஞ்சளாகும். எவ்வளவு மஞ்சள் என்பதை அட்டையோடு ஒப்பிட்டால் அளவு தெரியும். நிறமே மாறாவிட்டால் அன்றைக்குத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்கு இந்தப் பெட்டியைப் பயன்படுத்தப் பயிற்சி தரும் ஏற்பாடு இருக்கிறது. உங்கள் ஊரில் யார் என்று ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள்.

ஆக, உங்கள் குழாய்த் தண்ணீருக்கு எதிரி கிருமி. கிருமிக்கு வழி கொதிக்க வைப்பது. நன்றாகத் தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிஷம் போதும், கால் மணி நேரம் அடுப்பில் வைக்கத் தேவையில்லை. நாலு பேருக்குக் குடிக்கிற தண்ணீர் தினமும் எட்டு லிட்டர் என்று வைத்து நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 14.2 கிலோ சிலிண்டரில் மாதத்துக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு செலவாகும். அந்த வேலை முடியாது என்றால் யூவி (புற ஊதாக் கதிர்) விளக்கு வைத்த வடிகட்டியோ, யூஎஃப் என்கிற நுண்துளை வடிகட்டியோ போதும். யூவிக்குத் தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும், கலங்கலில் ஒளி நுழையாது. யூஎஃப்-இல் கரண்ட் இல்லாமல் ஓடுகிற வகையும் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது வேதாரண்யம் பக்கத்தில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கரண்ட் இல்லாமலும் வேலை செய்கிற ஒரு வழி எந்த மெஷின் இருந்தாலும் கையில் இருக்க வேண்டும்.

கொதிக்க வைத்த தண்ணீரை மறுபடி கெடுப்பது நாமேதான். அடியில் பாசி படிந்த குடம், மூடாத தவலை, டம்ளரை விரலோடு முக்கி மொள்வது. கூடத்தில் வேலை பார்த்த காலத்தில் ஒரே வீட்டில் குழாயிலும் குடத்திலும் மாதிரி எடுத்தால், குழாயில் கிருமி இல்லை, குடத்தில் இருக்கிறது என்று வருவது எங்களுக்குப் பழகிப்போன முடிவு. பைப் வைத்த எவர்சில்வர் டிரம் ஒன்று வாங்கி, வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவி வெயிலில் காய வைத்தால் பாதித் தொல்லை தீர்ந்தது. புதுத்தண்ணீர் வரும் நாளில் பாட்டிமார் பானைக்குள் தேற்றான் கொட்டையை இழைப்பார்கள். அது கலங்கலை அடியில் தங்க வைக்கும், நல்ல வழக்கம்தான். ஆனால் அதன் பிறகும் கொதிக்க வைக்க வேண்டும்.

இனி போர் தண்ணீர். 1500 என்றால் அதைக் குடிக்கிற கட்டாயம் உங்களுக்கு இல்லை, குழாய் இருக்கிறது. கடற்கரைப் பக்கத்தில் ஆற்றில் தண்ணீர் வரத்துக் குறைந்து, போரில் எடுப்பது கூடினால் கடல் நீர் நிலத்துக்கடியில் உள்ளே ஏறும். 2004 சுனாமி மேலாகவும் உப்பைக் கொண்டுவந்து கிணறுகளில் கொட்டியது. இப்படி உப்பான தண்ணீரில் சோடியம் அதிகம், இரத்தக் கொதிப்பு இருப்பவர்களுக்கு ஆகாது. குழாயே வராத ஊர், போரை விட்டால் வேறு கதியில்லை என்றால், அங்கே ஆர்ஓ சரியான கருவி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வீட்டுக்கு வீடு வைப்பதைவிட ஊராட்சி ஒரு பொது நிலையம் வைத்து நடத்துவது செலவிலும் பராமரிப்பிலும் நல்லது என்பது என் அபிப்பிராயம்.

தஞ்சை, கும்பகோணம் பக்கம் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். உங்கள் அடிபம்புத் தண்ணீர் பிடிக்கும்போது கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்து, மறுநாள் காலையில் குடத்தில் செம்மஞ்சளாகப் படிந்திருந்தால் அது இரும்பு. அதற்கும் ஆர்ஓ என்று விற்கிறார்கள். இரும்பு மிகுந்த தண்ணீரை நேராக விட்டால் ஆர்ஓவின் சவ்வு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். காற்றுப் பட வைத்து, படிய விட்டு, மணலில் வடிகட்டினாலே இரும்பு பெருமளவு போய்விடும்.

ஆர்ஓ மெஷின் என்ன செய்கிறது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. தண்ணீரை அழுத்தத்தோடு மெல்லிய சவ்வு வழியாகத் தள்ளி, உப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பிரித்து வெளியே விடுகிறது. உங்கள் 340 தண்ணீர் 30 ஆகிவிடும், குடித்தால் சப்பென்று இருக்கும். உள்ளே போகிற தண்ணீரில் கால் பங்கு, மிஞ்சிப்போனால் மூன்றில் ஒரு பங்குதான் குடிக்க வருவது சாதாரண வீட்டு மெஷின்களின் வழக்கம். 200 லிட்டர் பிடிக்க 400 முதல் 600 லிட்டர் வரை கழிவாகப் போகும். ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற தண்ணீரில் இதைக் கொடுக்க மனது வருமா? தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல், டிடிஎஸ் 500-க்குக் குறைந்த இடங்களில் ஆர்ஓவைத் தடுக்க வேண்டும் என்று சொன்னதற்குக் காரணமும் இந்த வீணடிப்புதான். இருந்தும் போட்டுவிட்டவர்கள் கழிவு நீரைப் பிடித்து வைத்து வீடு துடைக்க, பாத்திரம் கழுவப் பயன்படுத்துங்கள். குழாய்த் தண்ணீரின் கழிவு என்றால் செடிக்கும் விடலாம். 1500 உப்புள்ள போர் தண்ணீரின் கழிவு 2000 பக்கமோ அதற்கு மேலோ இருக்கும், அதைச் செடிக்கு ஊற்றிக்கொண்டே இருந்தால் மண் கெடும்.

ஆர்ஓ தண்ணீரில் சத்து போய்விடுகிறதே, அதனால் எலும்பு தேயுமா என்று இன்னொரு பக்கத்தில் பயமுறுத்துகிறார்கள். இங்கே உறுதியையும் சந்தேகத்தையும் பிரித்துச் சொல்ல வேண்டும். கால்சியமும் மக்னீசியமும் ஆர்ஓவில் போய்விடும் என்பது உறுதி. கடினத்தன்மை உள்ள தண்ணீர் குடிக்கிற ஊர்களில் இதய நோய் சற்றுக் குறைவு என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் காரணம் அந்தத் தண்ணீர்தானா என்பதில் அறிவியலாளர்களிடம் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. பால், கீரை, கேழ்வரகு, மீன் சாப்பிடுகிற வீட்டில் தண்ணீரிலிருந்து வருகிற பங்கு சின்னதுதான். லிட்டருக்கு 50 மில்லிகிராம் கால்சியம் இருக்கிற தண்ணீரில் இரண்டு லிட்டர் குடித்தால் 100 மில்லிகிராம் கிடைக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000 என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) பரிந்துரை. பத்தில் ஒரு பங்கு, அவ்வளவே. ஆகையால் இந்தப் பயத்துக்காக ஓடவும் வேண்டாம், அதே சமயம் இருக்கிற சத்தை எடுத்துவிட்டு, பிறகு சொட்டாக விலைக்கு வாங்கவும் வேண்டாம். பல மெஷின்களில் 'மினரல் சேர்க்கும்' வசதி என்று சொல்வது உண்மையில் ஒரு சின்ன வால்வு. சவ்வுக்குப் போகாத தண்ணீரைக் கொஞ்சம் பக்கவழியில் கொண்டுவந்து கலக்கிறது. அதாவது உங்கள் குழாய்த் தண்ணீரே திரும்பி வருகிறது.

சொட்டு மருந்துக்கு வருகிறேன். பத்துச் சொட்டு என்பது அரை மில்லி. அந்த அரை மில்லிக்குள் கால்சியத்தை எவ்வளவு திணித்துக் கரைத்தாலும் ஒரு டம்ளர் பாலை எட்டாது. பாலில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 120 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 பக்கம். எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி எந்தத் தண்ணீரிலும் இல்லை, எனவே அதை மெஷினோடு சேர்த்துப் பேசுவதே பொருந்தாது. அந்தப் பாட்டிலைத் திருப்பி, பின்னால் இருக்கிற பொடி எழுத்தைப் படியுங்கள். சத்து இணைப்புப் பொருள் என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்எஸ்எஸ்ஏஐ) உரிமத்தில் விற்கிற எதிலும் 'மருந்தாகப் பயன்படுத்துவதற்கல்ல' என்ற பொருள்படும் வாசகம் இருக்க வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டின் விதி. 14 இலக்க உரிம எண்ணும் இருக்கும். பாட்டிலில் மருந்தல்ல என்று அச்சிட்டுவிட்டு, வாசலில் நின்று மூட்டு வலி போகும் என்று சொன்னால், அச்சில் இருப்பதையே நம்புங்கள். 'ஆல்கலைன்' தண்ணீரும் அப்படித்தான். குடித்த நிமிஷமே வயிற்றில் இருக்கிற அமிலத்தோடு கலந்துவிடும்.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. இப்படிப்பட்ட சொட்டுகள் சிலவற்றில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கும், இரத்தக் கொதிப்புக்குச் சில வகை மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கும் உடம்பில் பொட்டாசியம் கூடுவது ஆபத்து. அம்மாவுக்கு என்னென்ன மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. அதனால் எதையும் கொடுப்பதற்கு முன் அவற்றை எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வயதானவர்களின் மூட்டு வலி பெரும்பாலும் தேய்மானம். உடல் எடை, தொடைத் தசையின் பலம், நடை, சமயத்தில் வேறு நோய் என்று பல விஷயம் அதில் இருக்கிறது. வைட்டமின் டி குறைவா என்பதை ரத்தப் பரிசோதனையில் பார்த்து, குறைவாக இருந்தால் அவர் சொல்கிற அளவில் மாத்திரை சாப்பிடலாம். அது சந்தா கட்டி வருஷக்கணக்கில் விழுங்குகிற பொருள் இல்லை.

'உப்புத் தண்ணீர் குடித்தால் கிட்னியில் கல்' என்பதையும் கேட்டிருந்தீர்கள். தண்ணீரின் கடினத்தன்மையால் கல் வருகிறது என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. தண்ணீர் குறைவாகக் குடிப்பதால் வருகிறது என்பதற்கு நிறைய ஆதாரம் உண்டு. சித்திரை வெயிலில் வயலில் நின்றுவிட்டு இரண்டு டம்ளர் தண்ணீரோடு நிறுத்திக்கொள்கிறவருக்கு எந்த மெஷின் தண்ணீரும் உதவாது.

பணக் கணக்கு. மெஷினுக்கு வருஷம் 5,988, சொட்டுக்கு 4,200, மொத்தம் 10,188 ரூபாய். மெஷின் வாடகையை மட்டும் இரண்டு வருஷம் கட்டினால் சாதாரண ஆர்ஓ மெஷின் ஒன்றைச் சொந்தமாகவே வாங்கிவிடலாம். சந்தா முறை முழுவதும் மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். சொந்த மெஷின் வாங்கி வருஷக்கணக்காக வடிகட்டியை மாற்றாமல் அழுக்குத் தண்ணீர் குடிக்கிற வீடுகள் நிறைய. வாடகையில் அந்த மாற்று வேலை கம்பெனியின் பொறுப்பு, அது நியாயமான வசதி. ஆனால் 200 லிட்டர் வரம்பைப் பாருங்கள். நாலு பேர் ஆளுக்கு இரண்டு லிட்டர் குடித்தால் மாதம் 240 ஆகிவிடும். உலைக்கு ஒரு சொம்பு வைக்கக்கூட மிச்சம் இல்லை. வரம்பு முடிந்ததும் இந்த மெஷின்கள் தானாகப் பூட்டிக்கொள்ளும், மறுபடி ரீசார்ஜ் செய்ய வேண்டும். அப்படியானால் மாதக் கடைசியில் நீங்கள் திரும்பவும் குழாய்த் தண்ணீர்தான் குடிப்பீர்கள், அல்லது 499 என்று சொன்னது 499 ஆக இருக்காது.

கையெழுத்துப் போடுவதாக இருந்தால் எழுத்தில் கேட்க வேண்டியது இவ்வளவு: டெபாசிட் எத்தனை நாளில் திரும்பும், நடுவில் நிறுத்தினால் எவ்வளவு பிடிப்பார்கள், உங்கள் ஊருக்கு மெக்கானிக் எங்கிருந்து எத்தனை நாளில் வருவார், உப்புத் தண்ணீரால் சவ்வு சீக்கிரம் போனால் செலவு யாருடையது, ரீசார்ஜ் ஏற செல்போன் டவர் கிடைக்காவிட்டால் மெஷின் ஓடுமா. பட்டணத்துக்கு எழுதிய ஒப்பந்தத்தை அப்படியே கிராமத்துக்கும் நீட்டுகிறார்கள், மெக்கானிக் விஷயத்தில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். பணம் தானாகப் பிடிக்கிற ஆட்டோபே போட்டால், ஒவ்வொரு முறையும் 24 மணி நேரம் முன்னதாகத் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நிறுத்த வேண்டுமானால் உங்கள் யூபிஐ செயலியிலேயே ஆட்டோபே பகுதிக்குள் போய் நீங்களே ரத்து செய்யலாம், கம்பெனிக்கு போன் போட்டுக் கெஞ்ச வேண்டியதில்லை. சேர்வதைச் சுலபமாகவும் விலகுவதைக் கஷ்டமாகவும் வைக்கிற 'சந்தாப் பொறி' 2023 நவம்பரில் வெளியான மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளில் தடை செய்யப்பட்ட ஒன்று. தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இதையெல்லாம் நான் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வசதியுள்ள பத்து வீடு மெஷின் போட்டுக்கொண்டால், டேங்கில் குளோரின் போட்டீர்களா என்று கேட்கிற பத்துக் குரல் ஊரில் குறைகிறது. மீதி வீடுகளில் இருக்கிற குழந்தைகள் அதே குழாயைத்தான் குடிக்கிறார்கள். நம் கிராம சபை இப்போது வருஷத்தில் ஆறு முறை கூடுகிறது, அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். அன்றைக்கு எழுந்து மூன்று கேள்வி கேளுங்கள்: கடைசியாகத் தண்ணீரைச் சோதித்த அறிக்கை எங்கே, மேல்நிலைத் தொட்டி கழுவிய தேதி என்ன, குழாயில் மோட்டார் மாட்டுகிறவர்கள் மேல் என்ன நடவடிக்கை. மார்ச் வரை காத்திருக்கவும் தேவையில்லை, இதற்கு மனுக் கொடுக்க நாள் பார்க்க வேண்டாம்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான், இரண்டு தண்ணீரையும் சோதித்துவிடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத்தில் பரிசோதனைக் கூடம் இருக்கிறது, பொதுமக்களும் கட்டணம் செலுத்தி மாதிரி கொடுக்கலாம். வேதிச் சோதனைக்கு இரண்டு லிட்டர் சுத்தமான பிளாஸ்டிக் கேன், அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, காற்று இல்லாமல் விளிம்பு வரை நிரப்புங்கள். எண்ணெய் இருந்த கேனோ குளிர்பான பாட்டிலோ வேண்டாம். கிருமிச் சோதனைக்குக் கூடத்திலேயே கிருமி நீக்கிய பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். குழாயை இரண்டு மூன்று நிமிஷம் ஓடவிட்டு, மூடியின் உட்புறத்திலும் பாட்டில் வாயிலும் கை படாமல் பிடித்து, ஐஸ் வைத்த டப்பாவில் அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தண்ணீர் விடுகிற நாள் காலையில் எடுத்தால் வசதி. போர் தண்ணீரைக் கோடையில் ஒருமுறை, மழை முடிந்து தை மாதத்தில் ஒருமுறை பாருங்கள், நம் பக்கத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கும். அறிக்கை வந்ததும் டிடிஎஸ், கடினத்தன்மை, குளோரைடு, நைட்ரேட், ஈ.கோலை, குழாய் முனைக் குளோரின் ஆகிய ஆறையும் இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அந்தத் தம்பியிடம் கையெழுத்துப் போட வேண்டாம். குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்து, மூடி வைத்துக் குடியுங்கள்.